புளிக் கிடங்கும் பதினோரு விதிவிலக்குகளும்

1. போன் வந்தது

2022 அக்டோபர் 19, புதன்கிழமை, காலை 6 மணி 40 நிமிடம். மழை விட்டுத் தூறல். முந்தின இரவு ஒன்பதரைக்குப் பிடித்த மழை விடியற்காலை ஐந்தே காலுக்குத்தான் ஓய்ந்தது. தருமபுரியில் என் வீட்டு மொட்டை மாடியில் ஓர் எவர்சில்வர் டப்பா வைத்திருக்கிறேன். அதில் ஸ்கேலை விட்டுப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் குறைவு. அதை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

பேசியவர் அதியமான்கோட்டைப் புளி வியாபாரி மாதையன்.

"இன்ஜினியர் சார், கீழ தண்ணி வந்துட்டுதுங்க."

"கீழன்னா எங்க?"

"நீங்க வேல செஞ்சீங்களே, அந்தக் கீழதாங்க. எங்கூட்ல வேற எத்தினி கீழ இருக்குது?"

நோட்டில் எழுதிக்கொண்டிருந்த எண்ணைப் பாதியில் விட்டுவிட்டேன். ஏன் என்பதை இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

நான் சிவில் டிப்ளமோ படித்தவன். ஒரு கட்டுமானக் கம்பெனியில் வாட்டர் ப்ரூஃபிங் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வீட்டில் சும்மா இருக்க முடியாமல் சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்தேன். மொத்தம் பதினேழு. பதினேழாவது மாதையன் வீட்டு பேஸ்மென்ட். ஒன்பது மீட்டர் நீளம், ஆறரை மீட்டர் அகலம், தரைக்குக் கீழே ஒன்பது அடி. கொட்டை எடுத்த புளியை வெயில் படாமல் வைத்திருந்து, விலை ஏறும்போது விற்பதற்காகக் கட்டியது.

எங்கள் ஊர்ப் பக்கம் இரண்டடி செம்மண்ணைத் தோண்டினால் பாறை வந்துவிடும். மாதையன் வீட்டில் ஆயிரத்து நூறு அடி போர் போட்டும் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பேஸ்மென்ட்டுக்கு எதற்கு வாட்டர் ப்ரூஃபிங் என்று கேட்பார்கள். மழைத் தண்ணீர் மேல் மண்ணில் இறங்கும்; பாறைக்குள் இறங்க வழியில்லாமல் அதன்மேல் ஓடிவரும்; கட்டடத்துக்காக நாம் வெட்டிய குழியில் வந்து நிற்கும். பாறையில் வெட்டிய குழி ஒரு கல்தொட்டி. அந்தத் தொட்டிக்குள் நாம் ஒரு வீட்டை இறக்கி வைக்கிறோம். வெளியே நிற்கும் தண்ணீரை உள்ளே விடக்கூடாது. வேலை இவ்வளவுதான்.

அடியில் ஏழரை சென்டிமீட்டர் பி.சி.சி., அதாவது கம்பியில்லாத கான்கிரீட். அதன்மேல் நாலு மில்லிமீட்டர் தார் மெம்ப்ரேன் விரிப்பு, தீ காட்டி ஒட்டியது. அதன்மேல் கம்பி கட்டி இருபத்தைந்து சென்டிமீட்டர் ராஃப்ட் கான்கிரீட், அதுதான் தரை. சுவர்களுக்கு வெளிப்பக்கமும் அதே மெம்ப்ரேன். சுவரும் தரையும் சேரும் ஜாயின்ட் முப்பத்தொரு மீட்டர். ஒவ்வொரு மீட்டரையும் நானே குனிந்து பார்த்தேன். அதில் எனக்கு வந்த முதுகுவலி தனி.

வேலை முடிந்ததும் மாதையன் பத்து வருட கேரண்டி கேட்டார். நான் இருபது ரூபாய் பத்திரத்தில் என் கையால் எழுதிக் கொடுத்தேன். அன்று என் வயது அறுபத்தெட்டு.

"உங்களுக்கு யாரு பத்து வருஷம் கேரண்டி எழுதிக் குடுத்திருக்காங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

அந்தப் பத்திரத்தில் நான் பொறுப்பேற்காத விஷயங்கள் என்று பதினொன்றை எழுதினேன். பூகம்பம், ஏரி உடைப்பு, மரவேர், எலி, பக்கத்து மனையில் வெடி வைப்பது, இப்படி. பதினொன்று எழுதிய தைரியத்தில், மாதையன் கேட்டுக்கொண்டார் என்று பன்னிரண்டாவதாக வேறு ஒரு வரியும் எழுதினேன்: "மேற்படி காரணங்கள் அல்லாமல் நீர் புகுந்து கிடங்கில் உள்ள சரக்கு சேதமானால் அதற்கும் நானே பொறுப்பு."

மாதையன் போன் செய்த அன்று கிடங்கில் இருந்தது முந்நூற்று எண்பத்தாறு மூட்டை புளி. மூட்டை நாற்பது கிலோ. நனைந்த புளி கறுத்துப்போகும். கறுத்த புளியை எவரும் தொடமாட்டார்கள். பதினேழு லட்சத்துக்குக் குறையாது. என் வீட்டை விற்றால் கட்டிவிடலாம்தான். மனைவியை எங்கே குடிவைப்பது என்று யோசித்துக்கொண்டே சட்டையை மாட்டினேன். உள்பக்கம் வெளியே வர மாட்டியிருந்ததைப் பாதி வழியில்தான் பார்த்தேன்.

2. அளவு

என்னோடு இருபத்திரண்டு வருடமாக வேலை செய்யும் கொத்தனார் அப்புனுவை வழியில் ஏற்றிக்கொண்டு 7 மணி 25 நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். பதினான்கு படி கீழே இறங்க வேண்டும். கரண்ட் மூன்று மணிக்கே போயிருந்தது. டார்ச் வெளிச்சத்தில் கறுப்பாகத் தண்ணீர் பளபளத்தது. மூட்டைகள் எல்லாம் பத்து சென்டிமீட்டர் உயர மரப் பலகைகளின்மேல் அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பத்து சென்டிமீட்டர்தான் எனக்கும் நடுத்தெருவுக்கும் இடையில் இருந்தது.

ஸ்கேலை வைத்தேன். ஏழரை மணிக்கு ஐந்தரை சென்டிமீட்டர்.

மாதையனின் மனைவி சாலம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்றாவது படியில் நின்றிருந்தார்.

"ஆயிரத்து நூறு அடி தோண்டுனமே, மூஞ்சி கழுவத் தண்ணி வந்துதா? இப்ப பாருங்கண்ணா, வூட்டுக்குள்ளயே ஏரி. ஏரி நெரம்பி கோடி போயிருக்குதுன்னு ஊர்ல சொல்லி தேங்கா ஒடைக்கலாம்."

"நீ சும்மா இரு சாலா," என்றார் மாதையன். "புளி நனையுதுன்னு எனக்கு வயிறு எரியுது, நீ தேங்கா ஒடைக்கறியா?"

"நனையல இன்னும்," என்றேன். "கொஞ்சம் பொறுங்க."

எட்டு மணிக்கு ஐந்து புள்ளி ஒன்பது. எட்டரைக்கு ஆறு புள்ளி மூன்று. மணிக்கு எட்டு மில்லிமீட்டர் ஏறுகிறது. நோட்டில் கணக்குப் போட்டேன். மதியம் ஒரு மணி ஏழு நிமிடத்துக்குத் தண்ணீர் முதல் மூட்டையைத் தொடும்.

"அளந்த நேரத்துல பாதியை மொண்டு ஊத்தியிருக்கலாம் சார்," என்றான் அப்புனு.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தாலும் அளக்காமல் மொண்டால் எவ்வளவு மொள்ளுவது என்று எப்படித் தெரியும்? அறையின் பரப்பு ஐம்பத்தெட்டரை சதுர மீட்டர். மணிக்கு நானூற்று அறுபத்தெட்டு லிட்டர் வருகிறது. பலகைக் கால்களின் இடத்தைக் கழிக்கவில்லை, அவசரம். பதினைந்து லிட்டர் பக்கெட்டில் முப்பத்தொரு பக்கெட். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு பக்கெட் மேலே போனால் தண்ணீர் ஏறாது.

மூட்டைகளை மேலே ஏற்றவும் வழியில்லை. சுமைக்காரர்கள் ஓடையில் தண்ணீர் போவதால் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே மாதையன் கையில் பக்கெட்டைக் கொடுத்து, என் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவர் கையில் கட்டிவிட்டேன்.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. முந்தவும் வேணாம், பிந்தவும் வேணாம்."

"முந்துனா என்னங்க சார் ஆவும்?"

"நீங்க களைச்சுப் போயிடுவீங்க."

3. டீ வடிகட்டி

சுவர்களில் ஆரம்பித்தேன். உலர்ந்த சிமென்ட் தூளைச் சுவரில் தூவினால், கசிவு உள்ள இடத்தில் அது கறுத்து ஒட்டிக்கொள்ளும். நான்கு சுவரிலும் தூவினேன். ஒரு புள்ளிகூடக் கறுக்கவில்லை. சுவர் காய்ந்த சட்டி மாதிரி இருந்தது. தண்ணீர் தரையிலிருந்துதான் வருகிறது. ஆனால் தரையின்மேல் மாதையன் பிற்பாடு கடப்பாக்கல் பதித்திருந்தார். அடியில் எங்கே வந்தாலும் கல் இடுக்குகள் வழியே பரவி, எல்லா இடத்திலும் ஊறுவதுபோல்தான் தெரியும்.

நோட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். பக்கத்துக்கு எண் போட்ட நோட்டில் தாளைக் கிழிப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. வேறு வழியில்லை. துண்டு துண்டாக்கி நான்கு பக்கமும் தண்ணீரில் மிதக்கவிட்டோம். எல்லாத் துண்டும் மூலைகளிலிருந்து நடுவை நோக்கி நகர்ந்தன. நான்கு மூலையிலிருந்தும்.

அப்போதுதான் கவனித்தேன். நான்கு மூலையிலும் மூட்டை அடுக்கவில்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கடப்பாக்கல் அளவுக்கு இடம் காலி.

"இது ஏன் மாதையன்?"

பக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தவர் நின்றார். "காத்து... காத்தாடட்டும்னு விட்டதுங்க."

தரைக்கு ஒன்பதடி கீழே, ஜன்னல் இல்லாத அறையின் மூலையில் எந்தக் காற்று வந்து ஆடும்? அப்புனு வடகிழக்கு மூலைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பினான். கல் எழும்பியது. அடியில் நாலங்குல வட்டமாக ஒரு பூச்சு. அது உடைந்து, நடுவிலிருந்து தண்ணீர் கொப்புளித்துக்கொண்டு வந்தது. அதோடு ஏதோ சின்னச் சின்னதாக மேலே வந்து மிதந்தது.

"சாலம்மா, ஒரு டீ வடிகட்டி வேணும்," என்று குரல் கொடுத்தேன்.

வடிகட்டி உடனே வந்தது. எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கொடுத்துவிட்டு ஐந்தாவது படிக்கு ஏறி நின்றுகொண்டார்.

வடிகட்டியில் விழுந்தது தானியம். ஊறிப் பருத்திருந்தது.

"எலி சேத்து வெச்சதா இருக்கும் சார்," என்றான் அப்புனு.

எனக்கு உயிர் வந்தது. எலி என்பது நான்காவது விதிவிலக்கு! பத்திரத்தில் என் கையெழுத்தில் இருக்கிறது. எலி என்றால் எனக்கு ஒரு ரூபாய் செலவில்லை. உள்ளங்கையில் கொட்டி, டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, சந்தோஷமாக எண்ண ஆரம்பித்தேன். நெல். கோதுமை. துவரை. முளைவிட்ட பச்சைப்பயறு. கொண்டைக்கடலை. மொச்சை. எள். உளுந்து. சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒன்பதாவதாகக் கொள்ளும் இருந்தது.

வகைக்கு ஒன்று தவறாமல் ஒன்பதையும் சேர்த்து வைக்கிற எலி தருமபுரி மாவட்டத்தில் கிடையாது.

4. சாமியின் மெஷின்

"மாதையன், இங்க என்ன பொதைச்சீங்க?"

மாதையன் மனைவியைப் பார்த்தார். மனைவி பக்கெட்டைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் பொதைக்கலீங்க," என்றார் மாதையன். "சாமிதாங்க பொதைச்சாரு."

"எந்தச் சாமி?"

இனி மறைக்க முடியாது என்று சாலம்மாள் நான்கு படி இறங்கி வந்தார். "தகடு சாமிண்ணா. ஓசூருக்கு அந்தாண்ட, கர்நாடகாவுலருந்து வருவாரு. குடிவந்த வருசமே புளி வெல எறங்கிட்டுதில்ல? வந்து பாத்தாரு. இந்த வூட்டுச் சரக்கு பூமியத் தொடல, அதான் வெல நிக்கல, நாலு மூலையிலயும் தகடு பொதைக்கணும், தகடு பூமாதேவியத் தொடணும்னாரு. ஒங்க கான்கிரீட்டு குறுக்க நிக்குதாமா."

"நிக்கத்தானம்மா அதைப் போட்டது!"

"அதாண்ணா அவரும் கேட்டாரு, யாரு இப்பிடிப் போட்டதுன்னு."

"முப்பத்து மூணு சென்டிமீட்டர். உள்ள கம்பி வேற. எப்படித் தொளைச்சீங்க?"

"மெஷினு வந்துதுங்க," என்றார் மாதையன். "சாமியே கையோட கூட்டியாந்தாரு. ஒரு மணி நேரந்தான். நாலு எடத்துலயும் களி உருண்டையாட்டம் உருட்டி எடுத்துட்டாங்க."

கோர் கட்டிங் மெஷின். ஏ.சி. குழாய்க்கும் பாத்ரூம் பைப்புக்கும் கான்கிரீட்டில் வட்டமாகத் துளைபோடுவது. மந்திரத்துக்கும் அது பயன்படும் என்பதை முப்பத்து நான்கு வருட சர்வீஸில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"எடுத்த உருண்டை எங்க?"

சாலம்மாள் முகத்தில் முதல் முறையாகக் கொஞ்சம் பெருமை வந்தது. "வாங்க, காட்டறேன்."

பின்கட்டில் வாஷிங் மெஷின் இருந்தது. அதன் நான்கு காலுக்கு அடியிலும் ஒவ்வொரு கான்கிரீட் உருளை. என் ராஃப்ட். டேப்பை வைத்துப் பார்த்தேன். நான்கிலும் கால்வாசி உயரத்தில் கறுப்பு வளையமாக என் நாலு மில்லிமீட்டர் மெம்ப்ரேன், கொஞ்சமும் உரியாமல், இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்ல வேலை என்று என்னையறியாமல் நினைத்துவிட்டேன்.

"நாலும் ஒரே ஒசரம்ணா. ரசமட்டம் வெச்சாப்பல நிக்குது. துணி தொவைக்கறப்ப முன்ன மாதிரி குதிக்கறதே இல்ல."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னாரு. அதுலயும் வேல செஞ்சவங்களுக்குத் தெரியவே கூடாதுன்னாரு."

"சாமிக்கு வெவரம் இருக்குது சார்," என்றான் அப்புனு.

மாதையன் பீரோவிலிருந்து கேரண்டிப் பத்திரத்தை எடுத்துவந்தார். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். சண்டைக்காரர் இல்லை, ஆனால் வியாபாரி. பதினொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"தகடுன்னு ஒண்ணும் இல்லீங்களே சார்."

நானும் வாங்கி மூன்று முறை படித்தேன். இன்று எந்தக் கம்பெனிப் பத்திரத்திலும் முதல் வரியாக இருப்பது, உரிமையாளர் தரையை உடைத்தால் பொறுப்பில்லை என்பதுதான். என் பத்திரத்தில் அது இல்லை. தன் வீட்டுத் தரையை ஒருவர் தானே துளைப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பூகம்பம் தோன்றியது.

"உங்க வூட்டு ஓட்டைய நீங்களே போட்டுட்டு..." என்று ஆரம்பித்தேன்.

"சார், நான் ஒங்கள கொறை சொல்லல. எழுதுனது ஒங்க எழுத்துங்க. அம்மாம் சரக்கு கெடக்குதுங்க, முந்நூத்து எம்பத்தாறு மூட்டைங்க."

எண்ணிக்கையைச் சொல்லி யாராவது என்னிடம் பேசினால் என்னால் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

5. நாலாயிரத்து நானூற்று அறுபத்து நான்கு

சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், முதலில் ஓட்டைகளை அடைப்போம் என்று கீழே இறங்கினோம். துளையைச் சுத்தம் செய்து, தகட்டை எடுத்துவிட்டு, அடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வர வேண்டும். தகட்டை எடுக்க வேண்டும் என்றதுமே சாலம்மாள் வந்து மூலையில் நின்றுவிட்டார்.

"சாமிய கேக்காம தொடக்கூடாதுண்ணா. வூட்ல இருக்கற ஆம்பள இவரு ஒருத்தருதான், இவருக்கு ஏதாவது ஆயிட்டா?"

மாதையன் அந்தச் சமயத்தில் நூற்று நாற்பதாவது படியில் இருந்தார். அதாவது மறுபடி மொள்ள ஆரம்பித்த பின் ஐந்து பக்கெட் ஏறி இறங்கியிருந்தார், படிக்கணக்கில் அப்படி. மூச்சு வாங்கியது.

போன் போட்டார்கள். ஸ்பீக்கரில் சாமியின் குரல் கன்னடம் கலந்து வந்தது. "பேடா சார், பேடா. தொட வேணாம். தகடு எடுக்கணும்னா அமாவாசை வரணும்."

தீபாவளிக்கு மறுநாள் அமாவாசை. ஆறு நாள். சாலம்மாள் கையெடுத்துக் கும்பிட்டு, "சரிங்க சாமி" என்றார். மாதையனும் "ஆறு நாளுதானே, பாத்துக்கலாம் சார்" என்றார்.

நான் நோட்டை எடுத்தேன். மணிக்கு முப்பத்தொரு பக்கெட். நாளைக்கு எழுநூற்று நாற்பத்து நான்கு. ஆறு நாளைக்கு நாலாயிரத்து நானூற்று அறுபத்து நான்கு பக்கெட். ஒவ்வொன்றுக்கும் பதினான்கு படி ஏறினால் அறுபத்து இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றாறு படி. இறங்குவது தனி. பெரிய எழுத்தில் எழுதி மாதையனிடம் காட்டினேன்.

அவர் அதைப் படித்தார். பக்கெட்டைக் கீழே வைத்தார். படியில் உட்கார்ந்தார். பிறகு போனை மனைவி கையிலிருந்து வாங்கினார்.

"சாமி, அமாவாசை வரைக்கும் நீங்க வந்து மொள்றீங்களா?"

போனில் சாமி இருமினார்.

"எத்தனை பக்கெட் அந்தீரி, எத்தனைன்னு சொன்னீங்க?"

"நாலாயிரத்து நானூத்து அறுபத்து நாலு."

இந்த முறை இருமல் இன்னும் நீண்டது. பிறகு சாமி சொன்னார்: "பரிகாரம் இருக்கு. தகடு எடுக்க வேணாம். அங்கேயே இருக்கட்டும், பூமி தொட்டுட்டு இருக்கட்டும். மேல மூடிக்கலாம். ஆனா இரும்பு படக்கூடாது. தொளை பாத்த கண்ணு யாரோடதோ அவங்க கையாலயே மூடணும். மூலைக்கு ஐநூத்தி ஒண்ணு."

இதைத்தான் நானும் இரண்டாவது வழியாக யோசித்து வைத்திருந்தேன், இரும்பையும் ஐநூற்று ஒன்றையும் தவிர.

கரணை இரும்பு. பூச்சுத் தட்டு இரும்பு. சாலம்மாள் சமையலறையில் தேடி, குழம்பு ஊற்றும் கொட்டாங்கச்சி அகப்பை ஒன்றைக் கொண்டுவந்தார். முப்பத்து நான்கு வருட அனுபவத்தோடு, கையில் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு, அகப்பையோடு தண்ணீரில் குந்தினேன்.

ஓடுகிற தண்ணீரை அடைக்க ஒரு பிளக் சிமென்ட் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசைந்தால் மூன்று நிமிடத்தில் கல்லாகிவிடும். முறை இது: தகட்டுக்குமேல் ஒரு கைப்பிடி ஜல்லி. நடுவில் ஒரு மெல்லிய பி.வி.சி. குழாய், தண்ணீர் அதன் வழியே வெளியேற. குழாயைச் சுற்றி நிரப்பிக் கெட்டியானதும், கடைசியில் குழாயை எடுத்துவிட்டு, பிளக்கை உருண்டையாகப் பிடித்து, கையில் சூடு ஏறும்வரை வைத்திருந்து, துளையில் அழுத்தி அசையாமல் பிடிக்க வேண்டும். நூற்று எண்பது வினாடி. ஒரு வினாடி முன்னால் கையை எடுத்தாலும் பிய்த்துக்கொண்டு வரும்.

முதல் உருண்டை நான் அகப்பையிலிருந்து வழிப்பதற்குள் அகப்பையிலேயே இறுகிவிட்டது. சாலம்மாளின் கொட்டாங்கச்சி அன்றோடு கான்கிரீட் கொட்டாங்கச்சி ஆனது. இரண்டாவது அகப்பை வந்தது. அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழக்கம்போல வாய்க்குள்ளேயே எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று.

நூற்றிருபதைத் தாண்டியபோது நிமிர்ந்து பார்த்தேன். சாலம்மாள் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றிருந்தார்.

"என்னம்மா?"

"மந்திரம் சொல்றப்ப நடுவுல பேசாதீங்கண்ணா!" என்று அதட்டினார்.

நான் திருத்தவில்லை. திருத்தினால் எண்ணிக்கை போய்விடும்.

மூன்றாவது மூலையில் எண்பதாவது வினாடியிலேயே சாமிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாதையனும் பக்கெட்டோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். நான்காவது மூலை முடிந்தபோது மணி 12:48. தண்ணீர் நின்றுவிட்டது. மாதையன் ஸ்கேலை அவராகவே எடுத்துவைத்துப் பார்த்து, "ஏறல சார், ஏறல சார்," என்று இரண்டு முறை சொன்னார். ஒரு மணி ஏழு நிமிடம் வந்தது, போனது.

தட்சணையை அனுப்பச் சாமி ஒரு போன் நம்பர் கொடுத்திருந்தார். அதுவும் என் கணக்கில்தான்; என் போனில் நம்பரைப் போட்டதும் திரையில் பெயர் வந்தது. சாமியின் பெயர் இல்லை. ஏதோ ஒரு 'கோர் கட்டிங் ஒர்க்ஸ்'. அப்புனு எட்டிப் பார்த்துவிட்டு, "துளையும் அவருது, மூடியும் அவருது. நாமதான் சார் தொழில் தெரியாம இருக்கறோம்," என்றான்.

மீதித் தண்ணீரை மொண்டு துடைத்து, பலகை பலகையாக மூட்டையைத் தொட்டுப் பார்த்தேன். முந்நூற்று எண்பத்து மூன்று காய்ந்திருந்தன. தென்மேற்கில் ஒரு பலகையின் கால் உடைந்து சாய்ந்திருந்தது. அதன்மேல் இருந்த மூன்று மூட்டையின் அடி ஈரம். மாதையன் பத்திரத்தின் பன்னிரண்டாம் வரியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"இன்னிக்கு வெல கிலோ நூத்திப் பதினஞ்சுங்க சார். ஒங்களுக்குங்கறதால ஏத்த மாட்டேன்."

6. கற்றது

அந்த நான்கு மூலையையும் மழைக்காலம் முடிந்து பாறை காய்ந்தபின் மறுபடி சிமென்ட் பாலை அழுத்தத்தில் செலுத்தி, அதாவது பிரஷர் க்ரவுட்டிங் செய்து உறுதிப்படுத்தினேன். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை. மாதையன் அது தகட்டின் சக்தி என்கிறார். அந்த வருடம் தை மாதம் புளி விலையும் ஏறியது.

இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பத்திரத்தில் விதிவிலக்குகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். வீட்டுக்காரர் செய்யக்கூடாதது எது என்று நாம் எழுதலாம்; அவர் செய்யப்போவதை அது தடுக்காது. அதற்குப் பதில் முதல் நாளே, நிலத்தைப் பார்க்கும்போதே, வீட்டு அம்மாவிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த மண்ணுல என்ன வைக்கப்போறீங்க? யார் வருவாங்க? எத்தனை மூலை?" கூச்சப்படாமல் கேளுங்கள். நான் இப்போது யாராவது ஆலோசனை கேட்டால், பி.சி.சி. போடுவதற்கு முன்பே நான்கு மூலையில் நாலங்குலக் குழி விடச் சொல்கிறேன். பூஜையை அன்றே முடித்துக்கொள்ளட்டும். தகடு பூமியைத் தொட்டுக்கொண்டு கிடக்கட்டும். அதற்குமேல் பி.சி.சி., அதற்குமேல் மெம்ப்ரேன், அதற்குமேல் ராஃப்ட். பூமாதேவிக்கும் குறையில்லை, புளிக்கும் குறையில்லை. செலவு ஜல்லி நான்கு சட்டி.

எனக்கு ஆன செலவு: பிளக் சிமென்ட், க்ரவுட் சாமான் ரூ.6,840. அப்புனுவுக்கு இரண்டு தடவைக்கும் சேர்த்துக் கூலி ரூ.2,400. பெட்ரோல் ரூ.212. தட்சணை நான்கு மூலைக்கு ரூ.2,004. மூன்று மூட்டை ஈரப்புளி, நூற்றிருபது கிலோ, ரூ.13,800. மொத்தம் இருபத்தையாயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு ரூபாய்.